மூச்சம்மா சொன்ன அபிப்பிராயம்

என் அண்ணியிடம் கேட்டால் தன் தட்டில் இருக்கும் சாப்பாட்டைக்கூட எடுத்துக் கொடுத்துவிடுவார். அபிப்பிராயம் மட்டும் தர மாட்டார். புதுச் செருப்பைக் காட்டி, எப்படி இருக்கிறது என்று கேட்டால், கடிக்கிறதா என்று திருப்பிக் கேட்பார். மழை வருமா என்றால் எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டு வருவார். என் அண்ணனோ, பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால்கூட அதைப் பற்றி ஒரு கருத்து வைத்திருக்கிற மனிதர். இந்த இரண்டு பேரும் எப்படித்தான் இத்தனை வருஷம் காலம் தள்ளுகிறார்களோ என்று நான் யோசித்ததுண்டு. ஒருவர் ஓயாமல் பேச ஒருவர் வாயே திறக்காமல் இருப்பது ஒரு வகையில் பொருத்தம்தானோ என்னவோ.

அண்ணி மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். தரைத்தளத்தில், படிக்கட்டுக்குப் பின்னால் ஜன்னலே இல்லாத ஓர் அறை அவருடையது. கதவு கனமானது, தோளைக் கொடுத்துத் தள்ளினால்தான் திறக்கும். நெஞ்சுப் படம் எடுக்க வருகிறவர்களிடம் ஒரே பாடத்தை ஒப்பிப்பார். சங்கிலியைக் கழற்றுங்க, ஊக்கு இருந்தா எடுத்துடுங்க, முடியத் தூக்கி மேல கட்டுங்க, பலகையில நெஞ்ச ஒட்டி நில்லுங்க. அவர் கை எப்போதும் சில்லென்று இருக்கும். அதனால் யாரைத் தொடுவதற்கு முன்னாலும் இரண்டு கையையும் பரபரவென்று தேய்த்துக்கொள்வார். பிறகு தோளைப் பிடித்து முன்னால் தள்ளி நிறுத்திவிட்டு, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய், மூச்ச நல்லா இழுங்க, பிடிங்க, விடுங்க என்பார். நாள் முழுக்க இதேதான். மருத்துவமனையில் எல்லோருக்கும் அவர் மூச்சம்மா. வீட்டில் என் அண்ணனுக்கு வெறும் மூச்சு. "மூச்சு வந்தாச்சா?" என்று அண்ணன் வாசலில் இருந்து குரல் கொடுத்தால் புதிதாக வருகிற விருந்தாளிகள் கதிகலங்கிப் போவார்கள்.

படம் எடுத்து முடித்தவர்கள் யாரும் உடனே கிளம்ப மாட்டார்கள். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கதவருகே நின்று அவர் முகத்தைப் பார்ப்பார்கள். பயப்படும்படி எதுவும் இல்லையே என்பார்கள். சிலர் கேட்கக்கூட மாட்டார்கள், சும்மா பார்ப்பார்கள். அண்ணிக்கு அத்தனைக்கும் ஒரே பதில்: டாக்டர் சொல்வார். அதுதான் அவர் தொழிலின் விதி. கணினித் திரையில் என்ன தெரிந்தாலும் இவர் சொல்லக் கூடாது. ஆண்டுக்கணக்கில் அப்படி இருந்து இருந்து, அந்த முகம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கல்லைக்கூடக் கரைத்துவிடலாம், அந்த முகத்தில் இருந்து ஒரு சேதி எடுக்க முடியாது.

அப்பாவுக்கு நெஞ்சில் படம் எடுத்ததும் அண்ணிதான். எடுத்துவிட்டு அன்று மாலை வீட்டுக்கு வந்தார், எல்லோருக்கும் பரிமாறினார். அப்பா அப்போது மாடியில் ஓர் அறை கட்டும் திட்டத்தில் இருந்தார். ஜன்னலை எந்தப் பக்கம் வைத்தால் காற்று வரும் என்று அவர் கேட்க, இவரும் சரிசமமாக உட்கார்ந்து அதைப் பேசினார். மறு வாரம் டாக்டர் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. தெரிந்துகொண்டே எப்படி ஜன்னலைப் பற்றிப் பேச முடிந்தது என்று அண்ணியிடம் ஒரே ஒரு தடவை கேட்டேன். அவர் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். அப்பா போய்ச் சேர்ந்தார். நானும் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை, ஆனால் மறக்கவும் இல்லை. எங்களுக்குள் கேலியும் சிரிப்பும் வழக்கம்போல ஓடிக்கொண்டுதான் இருந்தன. உள்ளே அது ஒரு முள்ளாகக் கிடந்தது.

இனி புத்தகத்துக்கு வருகிறேன். நான் திரைச்சீலைக் கடையில் வேலை செய்பவள். வருகிறவர்கள் ஒரு மதியம் முழுக்கத் துணியைப் புரட்டிவிட்டு, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்து போவார்கள். வாடிக்கையாளரிடம் காட்ட வேண்டிய பொறுமை என் மொத்தப் பொறுமையையும் குடித்துவிடுவதால், வீட்டுக்கு வரும்போது என் வாய் கொஞ்சம் நீளம்தான். சனிக்கிழமைகளில் நூலகத்து மாடியில் நாங்கள் சில பேர் கூடி ஒரே புத்தகத்தைப் படித்துப் பேசுவோம். அப்படி வந்ததுதான் அந்த மர்ம நாவல்.

கதை இதுதான். விடுதி நடத்தும் ஒரு பெண்மணி. அவள் விடுதியில் தங்கியிருந்த சங்கீத ஆசிரியர் ஒருநாள் காணாமல் போகிறார். அன்று காலை தன் மகனின் அறை வாசலில் சேறு அப்பிய காலணிகளை அவள் பார்க்கிறாள். எடுத்துக் கழுவி, துடைத்து, அதே இடத்தில் வைக்கிறாள். இதெல்லாம் முதல் அத்தியாயத்தில், நாலே வரியில் வந்து போய்விடும், படிக்கிறவர்கள் மறந்தும்விடுவார்கள். அதன் பிறகு கூரை ஒழுகுகிறது, ஜன்னல் திரை மாற்றுகிறாள், இன்ஸ்பெக்டர் வாரம் தவறாமல் வந்து டீ குடிக்கிறார், பேச்சு குளிரைப் பற்றிப் போகிறது. கடைசி அத்தியாயத்தில் இன்ஸ்பெக்டர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் காலணியை யார் கழுவினது என்று கேட்கிறார். மகன் செய்தது அவளுக்கு முதல் நாளே தெரியும் என்பது அப்போதுதான் நமக்கு உறைக்கும். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூடிவிட்டு முதல் பக்கத்தில் இருந்து மறுபடியும் படித்தேன்.

எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் அப்படி இல்லை. ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவர் வருவார். அவர் நொந்துபோய்விட்டார். பல்லைப் பிடுங்குவது என்றால் ஒரே இழுப்பு, இதை எழுதின ஆள் நானூறு பக்கம் ஆட்டிக்கொண்டே இருக்கிறார் என்றார். நூலகர் அம்மா, அடி கனமான பாத்திரம் மெதுவாகத்தான் சூடேறும் என்று விட்டுக்கொடுக்காமல் வாதாடினார். நான் அவர் கட்சி. திரை மாற்றும் இடத்தை மட்டும் நான் பக்கம் பக்கமாகப் புகழ்ந்ததில், துணிக்கடைக்காரி துணியைத்தான் பார்ப்பாள் என்று பல் டாக்டர் மானத்தை வாங்கினார்.

அந்தப் புத்தகத்தை அண்ணியிடம் கொடுத்தது நான்தான். இதைப் படித்தாவது அவர் வாயைத் திறக்கிறாரா பார்ப்போம் என்று சொல்லிக் கொடுத்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் விஷமமும் இருந்தது. தெரிந்தும் சொல்லாத ஒருத்தியின் கதை. குத்திக்காட்ட இதைவிட வசதியான ஊசி கிடைக்காது.

அண்ணி அதை இயந்திரத்துக்குப் பக்கத்து மேசையில் வைத்துக்கொண்டு, ஆள் இல்லாத நேரத்தில் படித்தார். மாதக்கணக்கில் படித்தார். எப்படி இருக்கிறது என்றால், படிக்கிறேன் என்பார். பிடித்திருக்கிறதா என்றால், இன்னும் முடியவில்லை என்பார். புத்தகமே மெதுவான புத்தகம். அதை இவர் படித்த வேகம் இருக்கிறதே, எழுதியவர்கூட அதைவிடச் சீக்கிரம் எழுதி முடித்திருப்பார். எனக்கு மண்டை காய்ந்தது.

இதற்கிடையில் எனக்கு ஓர் இருமல் பிடித்துக்கொண்டு விடாமல் படுத்தியது. கடையில் பேச முடியவில்லை. டாக்டர் எதற்கும் ஒரு படம் எடுத்துவிடலாம் என்றார். ஒரு வியாழக்கிழமை கடை முடிந்து நேராக அண்ணியிடம் போனேன். அவர் என்னைப் பார்த்ததும் எழுந்த விதத்திலேயே பதற்றம் இருந்தது. அப்பாவின் நினைவாக இருக்கும். எனக்கும் உள்ளே உதறல்தான். அதை மறைக்க நான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டேன். எந்த அத்தியாயம் வந்திருக்கிறீர்கள், கூரை ஒழுகிவிட்டதா, இன்ஸ்பெக்டரை யாராவது ஒரு நாளாவது டீ இல்லாமல் அனுப்பக் கூடாதா என்று நிறுத்தாமல் பேசினேன். பேசாமல் நில் என்று அதட்டி, கையைத் தேய்த்துக்கொள்ளக்கூட மறந்து, சில்லென்ற விரல்களால் என் தோளைப் பிடித்துப் பலகையோடு ஒட்டினார். மற்றவர்களுக்குச் சொல்லும் பாடம் எதையும் எனக்குச் சொல்லவில்லை. சொந்த நாத்தனாருக்கு எதற்குப் பாடம்?

படம் எடுத்தாயிற்று. நான் திரும்பிப் பார்த்தபோது அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், வெகு நேரம். பிறகு வெளியே வந்து, கிளம்பு, நேரமாச்சு என்றார்.

என்ன தெரிகிறது என்று கேட்டேன். டாக்டர் ஊரில் இல்லை, திங்கட்கிழமை வந்து பார்ப்பார், அவர் சொல்வார் என்றார். எனக்கு வந்ததே கோபம். நான் என்ன வழியில் போகிறவளா, அப்பாவுக்குச் செய்ததையே எனக்கும் செய்கிறீர்களா என்று கத்திவிட்டு, அந்தக் கனமான கதவை ஓங்கிச் சாத்தப் பார்த்தேன். அது என் கோபத்துக்கெல்லாம் மசிகிற கதவு இல்லை. மெதுவாகத்தான் மூடிற்று.

வெள்ளிக்கிழமை கடையில் ஒரு பெரிய வீட்டுத் திரைத் துணியைக் குட்டையாக வெட்டிவிட்டேன். முதலாளி என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் அப்படித் தப்பு செய்கிறவள் இல்லை. அண்ணி போன் செய்தார், எடுக்கவில்லை. அவர் ஒன்றும் சொல்லாததே எனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகத் தோன்றியது.

சனிக்கிழமை மதியம் அண்ணி என் வீட்டுக்கு வந்தார், கையில் புத்தகத்தோடு. நான் நூலகத்துக்குப் போகவில்லை என்று எப்படியோ தெரிந்திருக்கிறது. சமையலறை மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"முடிச்சிட்டேன்" என்றார்.

நான் கழுவின இன்னொரு பாத்திரத்தை எடுத்துக் குழாயில் பிடித்தேன்.

"மெதுவா போற கதைன்னு சொல்லித்தானே கொடுத்த. அது மெதுவா போகல. பயந்து போகுது."

குழாயை மூடினேன்.

"அந்தம்மா கூரையப் பத்திப் பேசுறா, திரையப் பத்திப் பேசுறா. நீ அதெல்லாம் ரசனைன்னு சொன்ன. எனக்கு அப்படித் தெரியல. ஒரு விஷயத்துக்குக் கிட்ட போகப் பயமா இருந்தா மனுஷங்க அப்படித்தான் சுத்திச் சுத்திப் பேசுவாங்க. அவ பையன் பக்கத்து அறையிலதான் இருக்கான். ஒரு தடவ கதவத் தட்டி, என்னடா பண்ணினன்னு கேட்டிருந்தா கதை அப்பவே முடிஞ்சிருக்கும். கேக்கல. அவனும் தனியா கிடக்கான், இவளும் தனியா கிடக்கா. படிக்கப் படிக்க எனக்கு அவ மேல அவ்வளவு ஆத்திரம் வந்துது. அப்புறம்தான் தெரிஞ்சுது, ஆத்திரம் அவ மேல இல்லன்னு. நானும் மாமாகிட்ட ஜன்னலப் பத்திப் பேசினவதானே."

இத்தனை வருஷத்தில் அண்ணி ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன்.

"உன் படத்துல வலது பக்கம் மேல ஒரு நிழல் தெரியுது" என்றார். "என்னன்னு எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. இருக்குன்னு மட்டும்தான் தெரியும்."

"அப்பாவுக்கு இருந்த எடமா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினார். அண்ணி மேசையைச் சுற்றி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தனக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்றும், திங்கட்கிழமை வரை இரண்டு பேரும் சேர்ந்தே தெரியாமல் இருக்கலாம் என்றும் சொன்னார். வேலையில் சேர்ந்த நாள் முதல் அவர் ஒருவரிடமும் படத்தைப் பற்றி வாய் திறந்ததில்லை. அது வெளியே தெரிந்தால் அவர் வேலைக்கே உலை. அதைத் தெரிந்துதான் வந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமையும் என் வீட்டிலேயே இருந்தார். நான் அலமாரியைக் கொட்டித் துடைத்தேன், பழைய துணியை மடித்தேன், இந்த ஜன்னலுக்குப் பச்சைத் திரை போட்டால் எடுப்பாக இருக்கும் என்று ஆரம்பித்தேன். அண்ணி உடனே, பயமா இருக்கா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். எனக்கும்தான் என்றார். அதற்கு மேல் திரையைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. அப்பா நோயில் படுத்துக்கொண்டே செய்த சேட்டைகளை இரண்டு பேரும் பேசினோம். நடுவில் சிரிக்கவும் சிரித்தோம். அண்ணன் வழக்கம்போல வாயை ஓட்டிக்கொண்டு வந்தவர், எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் டீ போடப் போனார். அது ஓர் அதிசயம்தான்.

திங்கட்கிழமை டாக்டரின் அறையில் நான் உட்கார, அண்ணி என் பின்னால் நின்றார். டாக்டர் திரையை உற்றுப் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இல்லை, என் முகத்தை அல்ல, என் தோளைப் பார்த்தார். என் பின்னல் வழக்கம்போல வலது தோளில் விழுந்து கிடந்தது. எனக்கு முடி அடர்த்தி, அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"மூச்சம்மா, படம் எடுக்கறப்ப இந்தப் பின்னல் எங்க இருந்துது?"

நான் திரும்பி அண்ணியைப் பார்த்தேன். ஒன்றையும் காட்டாத அந்த முகம் ஒரு நொடியில் எல்லாவற்றையும் காட்டிவிட்டது. எந்தப் பெண் வந்தாலும் முதல் வேலையாக முடியைத் தூக்கிக் கட்டச் சொல்கிறவர், எனக்கு மட்டும் சொல்லவில்லை. கனத்த பின்னல் நெஞ்சுக்கு மேல் விழுந்தால் படத்தில் நோய் போலவே நிழலாடும் என்பது அவருக்குத் தெரியாததா? வேறு யாருடைய படமாக இருந்தாலும் பார்த்த மாத்திரத்தில், இது முடி என்று சொல்லியிருப்பார். என் படத்தை அவர் கண்ணால் பார்க்கவில்லை, பயத்தால் பார்த்திருக்கிறார்.

டாக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. திரும்ப ஒரு படம் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார். அண்ணி பக்கத்து அறையில் இருந்த இன்னோர் ஊழியரைக் கூப்பிடப் போனார். தன் கையை இனி நம்ப முடியாதாம். நீங்கள்தான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நான் நிற்க மாட்டேன் என்று அடம்பிடித்தேன். அவர் என் முடியை வாரி உச்சியில் கொண்டையாகச் சுற்றினார். கொண்டை ஊசி ஒன்று போதாதென்று இருக்கிற ஊசியையெல்லாம் குத்தினார். மூச்சை இழுக்கச் சொன்னார், பிடிக்கச் சொன்னார், விடச் சொன்னார். விட்டேன்.

அந்தப் படத்தில் ஒரு நிழலும் இல்லை. தொண்டையில் புண் ஆறாமல் இழுத்தடிக்கிறது, மருந்தைக் குடித்துவிட்டுக் கொஞ்ச நாள் பேச்சைக் குறையுங்கள் என்றார் டாக்டர். முதல் பாதி எளிது, இரண்டாவது பாதிதான் கஷ்டம்.

வெளியே வந்ததும் எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. உயிரை எடுத்துவிட்டீர்களே அண்ணி, இந்தப் பின்னலை அறுத்துக் கொடுத்துவிடுகிறேன், கண்ணாடிப் பெட்டியில் போட்டு மாட்டிக்கொள்ளுங்கள் என்று கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை. நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து, தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்குத்தான் நாங்க சொல்றதில்ல" என்றார். "நா சொல்லியிருக்கவே கூடாது. ஒண்ணும் இல்லாததுக்கு உன்ன ரெண்டு நாள் சாகடிச்சேன்."

என் சிரிப்பு நின்றுபோயிற்று. அவருக்குள் ஒரு கதவு திரும்ப மூடுவது எனக்குத் தெரிந்தது. நெஞ்சில் நிழல் என்று கேட்டபோதுகூட நான் இப்படிப் பயப்படவில்லை. சனிக்கிழமை என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து பேசிய அந்த மனுஷி எழுந்து போய்விடுவாள், பழைய முகம் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அப்பா விஷயத்தில் மூன்று வருஷம் நான் மனசுக்குள் சண்டை போட்ட அதே முகம். நிழல் என்று அவர் சொல்வதற்கு முந்தைய நாட்களில்தான் நான் செத்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்ன பிறகு பயம் இருந்தது, ஆனால் பக்கத்தில் ஆள் இருந்தது. இதையெல்லாம் வரிசையாகச் சொல்ல எனக்கு அப்போது வாய் வரவில்லை.

"அப்போ இனிமே எனக்கும் சொல்ல மாட்டீங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

எக்ஸ்ரே அறை வாசலில் ஒரு பெரியவர் கையில் சீட்டோடு வந்து நின்றார். அண்ணி எழுந்தார், இரண்டு கையையும் பரபரவென்று தேய்த்துக்கொண்டார்.

"மத்தவங்களுக்கு டாக்டர் சொல்லட்டும்" என்றார். "உனக்கு நா சொல்லுவேன். தப்பா இருந்தாலும் சொல்லுவேன்."

சொல்லிவிட்டு, பெரியவரை உள்ளே விட அந்தக் கதவைத் தோளால் தள்ளிப் பிடித்துக்கொண்டார். நான் பெஞ்சிலேயே உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் அழுதேன்.